சிக்னலை எடுத்துவிட்டால் சாலை சீராகுமா?

சிக்னல்களையும் எச்சரிக்கைப் பலகைகளையும் அகற்றிவிட்டால் ஓட்டுநர்கள் தாமாகவே கவனமாக ஓட்டுவார்கள், அதனால் நெரிசலும் விபத்தும் குறையும் என்று ஐரோப்பிய நகரங்களை எடுத்துக்காட்டிச் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் அது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் பலன் தந்தது எது என்று நெருங்கிப் பார்த்தால், விதிகளின் எண்ணிக்கை குறைந்தது அதில் சிறு பங்குதான் என்பது தெரியவரும். வேகத்தைக் குறைக்கும்படி சாலையின் உருவத்தையே மாற்றினார்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற ஒரே விதி மட்டும் எல்லாருக்கும் பொதுவாக உறுதியாக நின்றது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் சிக்னலை மட்டும் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால், பதில் கொஞ்சம் நீளும்.

இந்தக் கருத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் பெயர் ஹான்ஸ் மோண்டர்மன். நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் சாலைப் பாதுகாப்புப் பொறுப்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய பொறியாளர். 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். 1980-களில் ஆவுடஹாஸ்கே என்ற சிறு கிராமத்தின் வழியாக வண்டிகள் மிக வேகமாகப் போவதாக ஊர்மக்கள் முறையிட்டபோது, வழக்கமான வேகத்தடைகளையும் பலகைகளையும் அவர் வைக்கவில்லை. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலிருந்த விளிம்புக் கல்லை எடுத்தார், தார்ச் சாலை தெரிந்த இடத்தில் செங்கல் பதித்தார், நெடுஞ்சாலை போலத் தோன்றிய அந்தப் பாதையை ஒரு கிராமத் தெருவாகவே தோன்றும்படி செய்தார். வண்டிகளின் வேகம் பெருமளவு இறங்கியது. ஓட்டுநர் கண்ணுக்கு அது ஒரு நெடுஞ்சாலையாகத் தெரிந்தால் நெடுஞ்சாலையில் ஓட்டுவதுபோலவே ஓட்டுவார், குழந்தைகள் விளையாடும் தெருவாகத் தெரிந்தால் தெருவில் ஓட்டுவதுபோல ஓட்டுவார் என்ற பாடத்தை அவர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். சாலை ஒன்றைச் சொல்லும்போது பலகை வேறொன்றைச் சொன்னால், ஓட்டுநர் சாலையைத்தான் நம்புவார்.

இந்தப் பாடத்தின் பெரிய சோதனை அதே மாகாணத்தின் டிராக்டன் நகரில், லாவைப்ளைன் என்ற நாற்சந்தியில் நடந்தது. நாளொன்றுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்த அந்தச் சந்திப்பிலிருந்து 2000-களின் தொடக்கத்தில் சிக்னல்கள் அகற்றப்பட்டன. நடுவில் சிறிய புல்தரையுடன் ரவுண்டானா, சுற்றிலும் திறந்த சதுக்கம், ஓரங்களில் நீரூற்றுகள் என்று அது புதிதாக அமைக்கப்பட்டது. முன்பு ஆண்டுக்குச் சராசரியாக எட்டு விபத்துகள் பதிவான இடத்தில், மாற்றத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது ஒன்று இரண்டாகக் குறைந்தது. பேருந்துகள் சந்திப்பில் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. பார்க்க வந்த செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டே, வண்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி மோண்டர்மன் சாலையில் இறங்கி நடப்பார், வண்டிகள் நிற்கும். அந்தக் காட்சிதான் உலகெங்கும் பரவியது. பரவாமல் போன தகவல் ஒன்றும் உண்டு: மாற்றத்துக்குப் பிறகு உள்ளூர் மக்களிடம் கேட்டபோது, அந்தச் சந்திப்பில் முன்பைவிட அச்சமாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அந்த அச்சம்தான் கவனத்தைத் தருகிறது என்பதால் மோண்டர்மன் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார். எனக்கு அது முழுக்க நல்ல செய்தியாகப் படவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லாவைப்ளைனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் உண்மை, அங்கே சிக்னலின் இடத்துக்கு ரவுண்டானா வந்தது என்பதாகும். ரவுண்டானா தனக்கென்று ஒரு கணக்கு உடையது. நான்கு சாலைகள் நேருக்கு நேர் வெட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று மோதக்கூடிய இடங்கள் 32. ஒரே தடம் கொண்ட ரவுண்டானாவில் அவை 8. எண்ணிக்கையைவிட மோதலின் தன்மையில் ஏற்படும் மாற்றம் இன்னும் பெரியது. உயிர்களைப் பறிக்கும், பக்கத்திலிருந்து குறுக்கே இடிக்கும் மோதலும் நேருக்கு நேர் மோதலும் ரவுண்டானாவில் ஏறத்தாழ நடக்க முடியாதவை ஆகின்றன. நடப்பவை பெரும்பாலும் குறைந்த வேகத்தில் பக்கவாட்டில் உரசுபவை. அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய பிறகு காயம் ஏற்படுத்தும் விபத்துகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒற்றைத் தட ரவுண்டானா ஒன்று நாளொன்றுக்கு இருபதாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் வண்டிகள் வரை தாங்கும் என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. டிராக்டனின் போக்குவரத்து அந்த அளவுக்குள்தான் இருந்தது. ஆகவே அங்கே நடந்ததை அதிசயம் என்று சொல்வதைவிட, பொருத்தமான இடத்தில் பொருத்தமான வடிவத்தை வைத்தார்கள் என்று சொல்வதே சரி.

ரவுண்டானாவும்கூட ஒரு விதியால்தான் உயிர்பெற்றது. இங்கிலாந்தில் பழைய ரவுண்டானாக்கள் நெரிசல் நேரத்தில் அடிக்கடி பூட்டிக்கொண்டுவிடும். உள்ளே வரும் வண்டிகள் வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றும் வண்டிகளை மறித்து நிற்க, வெளியேற வேண்டிய வண்டி வெளியேற முடியாமல், மொத்தமும் உறைந்துபோகும். 1966-இல், வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே கொண்டுவரப்பட்டது. ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் பல ரவுண்டானாக்கள் அதன் பிறகு ஓடத் தொடங்கின. கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது: ஒரு விதி கூடியதால் அங்கே பல ரவுண்டானாக்கள் சிக்னல் இல்லாமலே ஓடின.

இவ்வளவு சொன்னாலும் சிக்னலுக்கு எதிரான வாதத்தில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு திசைகளுக்கும் தனித்தனியாகப் பச்சை காட்டும், 120 நொடிச் சுற்று கொண்ட ஒரு சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் முன்னால் நிற்கும் வண்டி கிளம்பி வேகம் பிடிப்பதிலும், மஞ்சளில் நின்று சந்திப்பு காலியாவதிலும் ஏறத்தாழ நான்கு நொடி வீணாகிறது. நான்கு திசைக்கும் சேர்த்தால் ஒவ்வொரு இரண்டு நிமிடத்திலும் பதினாறு நொடி அந்தச் சந்திப்பை யாருமே பயன்படுத்துவதில்லை. சாலை நிரம்பி வழியும் மாலை வேளையில் இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை அது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, எதிரிலும் பக்கத்திலும் ஒருவரும் இல்லாத நாற்சந்தியில் ஒருவரை ஒன்றரை நிமிடம் நிறுத்திவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்படி நிறுத்தினால், சிவப்பு என்பது மீறக்கூடியது என்று நாமே அவருக்குப் பழக்குகிறோம். பச்சை விழுந்துவிட்டால் பக்கத்தில் பார்க்கத் தேவையில்லை என்ற எண்ணத்தையும் சிக்னல் தருகிறது. சிவப்பைத் தாண்டி வந்த லாரியும் பச்சையை நம்பிச் சீறிய இருசக்கர வண்டியும் சந்திக்கும் இடத்தில் நடப்பவை மிகக் கொடிய விபத்துகள். இந்த வகையில் மோண்டர்மன் கண்டது சரியே.

ஆனால் கண்ணும் கண்ணும் பார்த்து வழிவிட்டுக்கொள்வது என்பது ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குள்தான் நடக்கும். ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும்; காய்ந்த சாலையில் மேலும் ஐந்து மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும். அதாவது, 14 மீட்டர் தொலைவில் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலைக்குள் ஓடிவந்தால், முதல் ஓட்டுநர் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடுவார். இரண்டாமவர் பிரேக்கைத் தொடும் முன்பே முழு வேகத்தில் மோதிவிடுவார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அந்த அடி முப்பதில் விழும் அடியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பகிர்வெளி என்று அழைக்கப்படும், நடப்பவரும் வண்டியும் ஒரே தளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் தெருக்கள் பெரும்பாலும் இந்த முப்பதையொட்டியோ அதற்குக் கீழோதான் இயங்குகின்றன. அதற்கு மேல் போனால் எதிரில் இருப்பவரின் முகமும் தெரியாது, முகத்தில் இருப்பதைப் படித்து முடிவெடுக்க நேரமும் இருக்காது.

நெதர்லாந்தில் இது வேர்பிடித்ததற்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணம் சட்டம். 1971-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். நடப்பவருக்கு முன்னுரிமை தரும் குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-இல் சட்டத் தகுதி கிடைத்தது. இன்று அங்கே ஒரு கார், நடந்துபோகிறவர் மீதோ மிதிவண்டி ஓட்டுபவர் மீதோ மோதினால், தவிர்க்கவே முடியாத சூழல் என்று காட்ட முடிந்தாலொழிய இழப்பீட்டுப் பொறுப்பு கார் உரிமையாளருடையது. மோதப்பட்டவர் 14 வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால் குழந்தையின் தவறைச் சொல்லித் தப்பிக்க ஏறத்தாழ வழியே இல்லை. மோண்டர்மன் முதுகைக் காட்டி நடந்தபோது வண்டிகள் நின்றதற்குப் பின்னால், பலகையில் எழுதப்படாத இந்தக் கடுமையான விதியும் நின்றுகொண்டிருந்தது. அதே நெதர்லாந்தில், போக்குவரத்து மிகுந்த இடங்களில், ஆயிரக்கணக்கான சிக்னல் சந்திப்புகள் இன்றும் இயங்குகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

குழப்பம் கவனத்தைத் தரும் என்ற வாதத்துக்கு இன்னொரு சோதனையும் வரலாற்றில் இருக்கிறது. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு முழுவதும் ஒரே நாளில் இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கம் ஓட்டுவதற்கு மாறியது. பெரும் விபத்துகள் நடக்கும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். விபத்துகளோ குறைந்தன, ஏனென்றால் எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. புதுமையால் வரும் கவனம் பழகப் பழகத் தேய்ந்துவிடும். எனவே ஒரு சந்திப்பில் சிக்னலை எடுத்த முதல் ஆறு மாதக் கணக்கை வைத்து வெற்றி என்று அறிவிப்பவர்களை நம்பாதீர்கள். சாலையின் வளைவும் அகலமும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றனவா என்று பாருங்கள். அந்தக் கட்டுப்பாடு பத்து ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும்.

அச்சத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா, அதற்கு இங்கிலாந்தின் அனுபவத்துக்குப் போக வேண்டும். அங்கே 2000-களிலும் 2010-களிலும் பல ஊர்கள் விளிம்புக் கல்லையும் சிக்னலையும் எடுத்துவிட்டுப் பகிர்வெளிகளை அமைத்தன. லண்டனில் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கும் எக்ஸிபிஷன் சாலை அவற்றுள் பெயர்பெற்றது. பார்வையற்றவருக்கு இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விளிம்புக் கல்தான் அவருடைய கைத்தடிக்கு எல்லைக் கோடு. சிக்னலின் ஒலிதான் அவருக்குப் பச்சை விளக்கு. இரண்டையும் எடுத்துவிட்டு, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துக் கடந்துபோங்கள் என்று அவரிடம் சொல்கிறோம். பாராலிம்பிக் நீச்சல் வீரரும் பார்வையற்றவருமான, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை உறுப்பினர் கிறிஸ் ஹோம்ஸ் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்தவர்களில் 63 விழுக்காட்டினர் பகிர்வெளியில் தங்கள் அனுபவம் மோசமாக இருந்தது என்றார்கள். 35 விழுக்காட்டினர் அத்தகைய இடங்களுக்குப் போவதையே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். 2018-இல் பிரிட்டன் அரசு, விளிம்புக் கல் இல்லாத ஒரே தளப் பகிர்வெளித் திட்டங்களை நிறுத்திவைக்குமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. வீட்டைவிட்டு வராதவர் விபத்தில் சிக்குவதில்லை. அவர் வராமல் போனதையும் சேர்த்துத்தான் விபத்துக் கணக்கு குறைந்திருக்கிறது என்றால், அந்தக் குறைவைப் பாதுகாப்பு என்று என்னால் அழைக்க முடியாது.

அதே லண்டனில் நடுவழி ஒன்றும் வெற்றிபெற்றிருக்கிறது. கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் நடப்பவர்களை அடைத்துவைத்திருந்த இரும்புத் தடுப்புக் கம்பிகளையும் தேவையற்ற பலகைகளையும் எடுத்தார்கள். நடைபாதையையும் சிக்னல்களையும் எடுத்துவிடவில்லை. நடப்பவர்களுக்கு நேர்ந்த விபத்துகள் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. எடுக்க வேண்டியது எது, வைக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்த இந்தத் திட்டம் டிராக்டன் அளவுக்குப் பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே.

விதியே இல்லாமல் ஓடுவதென்றால் நம் சாலைகள்தானே உலகிலேயே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் வலு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இறப்புகளில் பத்தில் ஏழு அதிவேகத்தின் கணக்கில் பதிவாயின. நகரத்தின் நெரிசலான கடைத்தெருவில் ஆட்டோவும் மாடும் தள்ளுவண்டியும் ஒன்றோடொன்று இசைந்து நகர்வதைப் பார்த்து வியக்கும் வெளிநாட்டவர்கள், அங்கே வேகமே பதினைந்தோ இருபதோதான் என்பதைக் கவனிப்பதில்லை. அதே கூட்டம் புறவழிச்சாலையின் நடுத்தடுப்புத் திறப்பில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சந்திக்கும்போது இசைவு காணாமல் போய்விடுகிறது.

கோயம்புத்தூரில் அண்மை ஆண்டுகளில் நடந்திருப்பது இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. பல முதன்மைச் சாலைகளில் சிக்னல்களை நிறுத்திவிட்டு, சந்திப்பின் நடுவை அடைத்து, சற்றுத் தள்ளி யு-டர்ன் எடுத்துத் திரும்பும்படி செய்தார்கள். லாலி ரோடு சந்திப்பு போன்ற இடங்களில் ரவுண்டானா வந்தது. குறுக்கு மோதலை நீக்கிவிட்டு வண்டிகளைத் திருப்பிவிடும் இந்த முறை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960-களிலிருந்தே உள்ளது. பொறியியல் அளவில் குறைசொல்ல முடியாதது. வண்டியில் போகிறவருக்குக் காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் சிவப்பு விளக்கு வண்டிகளை நிறுத்திவைத்த அந்த அரை நிமிடம்தான், நடந்துபோகிற பெரியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சாலையைக் கடக்கக் கிடைத்த ஒரே இடைவெளி. சிக்னல் போனபோது அந்த இடைவெளியும் சேர்ந்து போய்விட்டது, வண்டிகளின் ஓட்டமும் இடைவிடாததாகிவிட்டது. ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்று நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. ஓட்டுநர் உரிமம் பெறும்போது அதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று உங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். 1966-க்கு முந்தைய இங்கிலாந்தைப்போல நம் ரவுண்டானாக்கள் மாலையில் பூட்டிக்கொள்வதற்கு அதுவே முதற்காரணம்.

ஆகவே உங்கள் ஊரில் ஒரு சிக்னலை எடுக்கலாமா என்று யோசித்தால், முதலில் அங்கே வண்டிகளின் வேகத்தை முப்பதுக்குக் கீழே இறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். நுழையும் தடத்தை ஒன்றாகக் குறுக்கி, பாதையை வளைத்தால் அது இறங்கும், பலகை வைத்தால் இறங்காது. நாளுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வண்டிகள் வரும் பலதடச் சாலை என்றால் சிக்னல் அங்கேயே இருக்கட்டும்; இரவில் மட்டும் அதைக் கண்சிமிட்டும் மஞ்சளுக்கு மாற்றினால் போதும். எடுப்பது என்று முடிவானால், ஒவ்வொரு கிளையிலும் நடைபாதையின் உயரத்துக்கே எழுப்பிய கடப்பு மேடையும், நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டும், கைத்தடிக்குத் தட்டுப்படும் புடைப்புக் கற்களும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மணல் மூட்டைகளையும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் வைத்துச் சில மாதம் சோதித்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் விபத்துகளையும் காத்திருப்பு நொடிகளையும் எண்ணுவதோடு, அந்த இடத்தில் ஒரு நாளில் எத்தனை முதியவர்களும் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சாலையைக் கடக்கிறார்கள் என்பதையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது எண் சரிந்திருந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிக்னலைத் திரும்பப் பொருத்திவிட வேண்டும்.